பிடியரிசியும் கூலியும்

1854ஆம் ஆண்டு, அன்று திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடியாக இருந்த சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு மூன்று ஆங்கிலேயப் போதகர்கள் கூடாரங்களோடு வந்து சேர்ந்தார்கள். தாமஸ் ராக்லாந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ். மூவரில் மூத்தவரான ராக்லாந்து, கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெல்லோ என்ற உயர்ந்த இடத்தைப் பெற்றிருந்தவர். 1845இல் சென்னைக்கு வந்து சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனின் செயலராகக் கணக்கும் கடிதமுமாக இருந்தவர். அந்தப் பதவியை விட்டுவிட்டுக் கரிசல் காட்டுக்கு வந்தார். பங்களா கட்டவில்லை. ஓர் ஊரில் கூடாரம் அடித்து, சுற்று ஊர்களுக்கு நடந்துபோய்ப் பேசி, பிறகு கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த ஊருக்குப் போனார். நான்கே ஆண்டுகள். 1858 அக்டோபரில் சிவகாசியில் நோயால் இறந்தார்.

அன்று இந்தப் பக்கம் மழையை நம்பிய புஞ்சைக் காடு. மேற்கே மலையடிவாரத்துக் கண்மாய்ப் பாசனத்தில் மட்டும் நெல். பஞ்சாலை இல்லை, தீப்பெட்டி இல்லை, பட்டாசு இல்லை. நிலம் வைத்திருந்தவர் வீட்டுக் களத்தில் அளக்கப்படும் தானியமே உழைப்பவரின் கூலி. இன்று வன்னியம்பட்டி விலக்கில் விடியற்காலையில் நின்றால் மில் பஸ், பட்டாசு ஆபீஸ் வேன், கல்லூரிப் பஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ராஜபாளையத்தில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய முதல் மில்லுக்குப் பின் நூல் இந்த ஊரின் தொழிலானது. சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் தொடங்கிய பொறியியல் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். தானியம் அளந்த கைகளுக்கு இப்போது பணம் வருகிறது. அந்தப் பணம் எத்தனை பேருக்கு, எவ்வளவு, யாருடைய தயவில் என்று கேட்கும்போதுதான் பழைய கதையும் புதிய கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன.

ராக்லாந்தின் குழுவைத் தனி வெள்ளைக்காரர்களின் சாகசமாகப் பார்ப்பது பிழை. தெற்கே திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் முறை வைத்து வந்து இவர்களோடு நடந்தார்கள். பின்னாளில் சென்னையில் புகழ்பெற்ற டபிள்யூ.டி. சத்தியநாதன் இந்தக் கூடாரப் பணியில் பயின்றவர்தான். அந்தத் தெற்குச் சபைகளுக்கு நிலத்தைப் பற்றிய ஓர் அனுபவம் ஏற்கெனவே இருந்தது. கிறிஸ்தவர்களானவர்கள் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டபோது, 1799இல் நிலம் வாங்கிக் குடியேறிய இடம் முதலூர். 1830 வாக்கில் அங்கே பணிசெய்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். காணிக்கை சேர்த்து நிலம் வாங்கி, அதில் குடியிருப்பும் பள்ளியும் ஆலயமும் எழுப்புவது அதன் வேலை. வீடு அடுத்தவன் மண்ணில் இருக்கும்வரை விசுவாசமும் அடுத்தவன் தயவில்தான் இருக்கும் என்பதை அந்தத் தலைமுறை கண்ணெதிரே பார்த்திருந்தது.

கரிசலில் அந்த வேலை அதே வேகத்தில் நடக்கவில்லை. சாட்சியாபுரம் போல மிஷன் குடியிருப்புகள் எழுந்தன; பள்ளிக்கூடங்கள் வந்தன; மருந்து வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உருக்குலைத்த தாது வருஷப் பஞ்சத்தில் போதகர்கள் கஞ்சி ஊற்றினார்கள். அந்தப் பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்று அவர்களைப் பழித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாகக் கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுத்தவரைச் சாகக் கிடந்தவன் நம்பியதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வி வேறு. கஞ்சிக்கு வரிசையில் நிற்க வேண்டிய நிலையை உண்டாக்கிய நில உடைமையைப் பற்றிச் சபை என்ன சொன்னது?

வடக்கே செங்கல்பட்டில் சில போதகர்கள் அதைச் சொன்னார்கள். ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர், பறையர் குடிகளுக்கு மனைக்கட்டும் இல்லை, தரிசு நிலத்தைக் கேட்டாலும் மிராசுதாரர்கள் விடுவதில்லை என்று அரசாங்கத்திடம் திரும்பத் திரும்ப முறையிட்டார்கள். கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை அந்த மக்களின் கடனையும் கொத்தடிமையையும் குடிசையையும் கணக்காகப் பதிவு செய்தது. 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் முறை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதுதான். குறிப்பிட்ட காலம்வரை விற்கவே கூடாது, அதன் பிறகும் பஞ்சமர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதே 1891இல், மே மாதம், ரோமில் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை தொழிலாளர் நிலை குறித்து ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டிருந்தார். குடும்பத்தைக் காக்கப் போதுமான கூலி தொழிலாளியின் உரிமை என்று அது வாதிட்டது. கத்தோலிக்கத் தலைமைப்பீடமும் செங்கல்பட்டின் சீர்திருத்தச் சபைப் போதகர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே ஆண்டில் ஒரே கேள்வியின் முன் நின்றிருந்தார்கள்.

பஞ்சமி நிலமாக ஒதுக்கியது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. நூறு ஆண்டு கழித்து, செங்கல்பட்டை அடுத்த காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கேட்டபோது, 1994 அக்டோபர் 10இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அந்த இரு பெயர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நிலமில்லாமை மதம் பார்த்து வருவதில்லை.

எங்கள் பக்கத்துக்குத் திரும்புகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை அடுத்து மலையடிவாரத்தில் புதுப்பட்டி இருக்கிறது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ விசுவாசமும் பொருளாதார ஏற்றத்தாழ்வும் மோதிக்கொண்ட இடத்தை ஒருவர் தேடினால், ஆயர் இல்லங்களையும் கருத்தரங்க மண்டபங்களையும் விட்டுவிட்டு இந்த ஊரின் தலித் கத்தோலிக்கத் தெருவுக்குத்தான் முதலில் வர வேண்டும். 1950இல் இங்கே பிறந்தவர் ராஜ் கௌதமன். 1958இல் பிறந்தவர் அவர் தங்கை பாமா. அண்ணன் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார், தங்கை ‘கருக்கு’ எழுதினார். ஒரே வீட்டிலிருந்து வந்த இந்த இரண்டு நூல்களும், இருநூறு ஆண்டு மிஷன் அறிக்கைகள் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டன.

பாமாவின் சிறுவயதில் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்குக் ‘கருக்கு’வைவிட நல்ல சாட்சியம் இல்லை. நிலம் ஒரு பக்கத்துத் தெருக்களில் இருந்தது. உழைப்பு இன்னொரு பக்கத்துத் தெருவில் இருந்தது. பாட்டிமார் நிலக்காரர் வீடுகளில் விடியலிலிருந்து வேலை செய்து, மிஞ்சிய சோற்றை எட்ட நின்று வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் விறகு பொறுக்கினார்கள், கடலை ஆய்ந்தார்கள், பள்ளி விடுமுறை என்றால் கூலிக்குப் போனார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பதை 1994இல் வந்த ‘சங்கதி’யில் அவர் மேலும் விரித்துச் சொன்னார். இத்தனைக்கும் நடுவே ஊரில் ஆலயம் இருந்தது. ஞாயிறு பூசை இருந்தது. சிஸ்டர்கள் நடத்திய பள்ளி இருந்தது. அந்தப் பள்ளிதான் பாமாவுக்கு எழுத்தைக் கொடுத்தது. படிப்பு ஒன்றே இந்த இழிவிலிருந்து வெளியேற்றும் என்று அண்ணன் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டதும் அந்தப் பள்ளி இருந்ததால்தான். மிஷன் செய்த நன்மையைக் கணக்கெடுத்தால் இது முதல் வரவு. குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

பட்டம் பெற்று ஆசிரியையான பாமா, ஏழைப் பிள்ளைகளை, தம்மைப் போன்ற தெருப் பிள்ளைகளை உயர்த்த வேண்டுமென்ற ஆசையில் துறவற சபையில் சேர்ந்தார். உள்ளே அவர் கண்டது வேறு. ஏழ்மையை வார்த்தைப்பாடாக எடுத்துக்கொண்டவர்களுக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடும் வசதியான அறைகளும் கிடைத்தன. அவர்கள் நடத்திய பெரிய பள்ளிகளில் வசதியானவர் பிள்ளைகள் படித்தார்கள். ஏழைப் பிள்ளைகள் அங்கே கூட்டிப் பெருக்குகிற வேலையில் இருந்தார்கள். ஏழைகளைப் பற்றிய பேச்சு ஜெபத்தில் இருந்தது, கணக்குப் புத்தகத்தில் இல்லை. சுமார் ஏழாண்டுக்குப் பின், கையில் வேலையோ சேமிப்போ இல்லாமல் அவர் வெளியேறினார். 1992இல் ‘கருக்கு’ வந்தது. மதுரையில் இயேசு சபையினரின் சமூக ஆய்வு மையமே அதை வெளியிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. திருச்சபையைக் கேள்வி கேட்ட நூலைத் திருச்சபைக்குள்ளிருந்தே சிலர் அச்சேற்றினார்கள். நூல் வந்ததும் ஊரிலேயே சிலருக்குக் கோபம் வந்து, சில மாதங்கள் அவரால் புதுப்பட்டிக்குள் போக முடியவில்லை. பிறகு அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

ராக்லாந்து விட்டுவிட்டு வந்தது கல்லூரியின் உயர்ந்த இருக்கையை. பாமா விட்டுவிட்டு வந்தது மடத்தின் பாதுகாப்பை. இருவருக்கும் நடுவே ஏறக்குறைய 140 ஆண்டுகள். இருவரையும் நகர்த்தியது ஒரே சுவிசேஷம் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் ராக்லாந்துக்கு ஏழைகள் போய்ச் சேர வேண்டிய மக்கள். பாமாவுக்கு அவர்கள் சொந்தத் தெரு. அன்று சுவிசேஷத்தை வெளியிலிருந்து ஒருவர் வாசித்துக் காட்டினார். இன்று உள்ளேயிருந்து ஒருவர் வாசித்து, எழுதியபடி ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறார். இந்த நூற்றாண்டுக் கணக்கில் நடந்த மிகப் பெரிய மாற்றமாக நான் இதையே சொல்வேன்.

அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1920களில் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த சீமைக்கு ஒரு வாழ்வு கொடுத்தது. எங்கள் பக்கத்தில் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். பல பத்தாண்டுகள் அந்த ஆபீஸ்களின் பஸ்கள் இருட்டோடு ஊருக்குள் வந்து, தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிப் போயின. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் லேபிள் ஒட்டுவதும் சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை என்றார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று அந்த வேன்களில் பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. அம்மாக்கள் போகிறார்கள். இது பெரிய மாற்றம், ஐயமில்லை.

அந்த மாற்றத்தை யார் கொண்டுவந்தார்கள்? வழக்கறிஞர், நீதிமன்றம், பத்திரிகைகள், சத்துணவு, இயந்திரம், தொண்டு நிறுவனங்கள். அந்தத் தொண்டு நிறுவனங்களில் சபைகளின் சமூக சேவைச் சங்கங்களும் இருந்தன. மாலைப் பள்ளிகளையும் மகளிர் சங்கங்களையும் அவை நடத்தின. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க மேடை நெடுங்காலம் அமைதியாக இருந்தது. ஆபீஸ் முதலாளியும் பெட்டி ஒட்டும் பிள்ளையின் தாயும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த ஊர்களில் அந்த அமைதி இன்னும் கனமானது. இப்போதும் பட்டாசு ஆபீஸில் வெடி விபத்து நடந்தால் ஆலயத்தில் ஜெபம் உண்டு, நிதி திரட்டுவதும் உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகி இறந்தபோதும் அப்படித்தான். ஓர் அறையில் எத்தனை பேர் உட்கார வேண்டும், மருந்து எவ்வளவு இருக்கலாம் என்ற விதிகளை முதலாளி மீறினாரா என்று பிரசங்கத்தில் கேட்பது மட்டும் இன்னும் பழகவில்லை.

கூலியின் கதையில் நல்ல செய்திகள் பல உண்டு. படியில் அளந்த கூலி போயிற்று. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நூறு நாள் வேலை தொடங்கியபோது தமிழ்நாட்டில் நாளுக்கு 80 ரூபாய்; 2024-25இல் 319 ரூபாய். அதைவிடப் பெரியது, அந்தக் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருந்தது. ‘சங்கதி’யில் பெண்கள் கேட்ட நியாயம் முதன்முதலாக ஒரு வருகைப் பதிவேட்டில் ஏறியது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். ஒரு வேளைச் சோற்றுக்காக ஒரு வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வந்தபோது, கூலியைப் பேரம் பேசும் துணிவும் வந்தது. வயிறு அடுத்தவர் கையில் இல்லாவிட்டால்தான் வாய் திறக்கும்.

கடன் மட்டும் உருமாறி நிற்கிறது. முன்பு நிலக்காரரிடம் வாங்கிய கடன் தலைமுறையைக் கட்டிப்போட்டது. இப்போது குழுக் கடன், நிறுவனக் கடன், வாரத் தவணை. முன்பு கடன் கொடுத்தவர் முகம் தெரியும். இப்போது வசூலுக்கு வரும் பையன் மாதத்துக்கு ஒருவன். 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டமும், 2025இல் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமும் இயற்ற வேண்டிவந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். வட்டி வாங்குவதைப் பழைய ஏற்பாடு கடுமையாகப் பேசுகிறது. ஏழையின் போர்வையை அடகாகப் பிடித்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. இந்த வசனங்களை விட விசுவாசம், ஆசீர்வாதம் பற்றிய வசனங்களே நம் மேடைகளில் அதிகம் கேட்கின்றன.

மேடைகளின் பேச்சு மாறியதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். உபதேசியார் காலத்தில் விசுவாசி என்றால் பாடு அனுபவிப்பவர். இன்று ஒலிபெருக்கியிலும் தொலைக்காட்சியிலும் வரும் ஊழியங்கள் பலவற்றில் விசுவாசி என்றால் வீடும் காரும் வெளிநாட்டு விசாவும் பெற்றவர். செல்வம் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று சொல்லச் சொல்ல, வறுமை விசுவாசக் குறைவின் அடையாளம் என்பது சொல்லாமலே பதிகிறது. தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு ஒடிந்தவளிடம் உன் விசுவாசம் போதவில்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அந்த மேடைகளில் நிற்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

காணிக்கையிலும் அன்றும் இன்றும் உண்டு. தென்திருநெல்வேலிச் சபைகளில் தாய்மார் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிடியரிசி சேர்ந்துதான் உபதேசியார் சம்பளமும் ஊழியச் செலவும் நடந்தன. 1903இல் வேதநாயகம் அசரியாவும் தோழர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நாடாமல் நம்மவர் காணிக்கையிலேயே நடத்துவது என்று முடிவு செய்ய அந்தப் பழக்கமே தைரியம் கொடுத்தது. அறுப்பின் பண்டிகையில் கோழியும் முட்டையும் வாழைத்தாரும் பூசணியும் வந்து குவியும், ஏலம் நடக்கும். அசனத்தன்று ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காரும். இன்று சில ஆலய வாசல்களில் காணிக்கைப் பெட்டிக்கு மேலேயே க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. வரவு முன்னைவிடப் பல மடங்கு. பிடியரிசியில் ஏழை வீட்டுப் பிடியும் வசதியான வீட்டுப் பிடியும் ஏறக்குறைய ஒரே அளவுதான். கை அவ்வளவுதான் கொள்ளும். இன்றைய நன்கொடைப் பலகையில் தொகை வாரியாகப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கலயம் தராத வரிசையைப் பளிங்குக் கல் தந்துவிட்டது.

அந்த அசனத்தின் பொருளைச் சரியாகப் பிடித்தவர் என்று மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவுவைச் சொல்வேன். பரட்டை என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளே ஆராதனைக்கு உரியவை என்றிருந்த இடத்தில், கிராமத்து மெட்டையும் பறையையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். ‘ஓர் உலை’ என்பது அவர் போதனையின் நடு. எல்லோருடைய அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லோரும் அதிலிருந்து உண்ண வேண்டும். திருவிருந்து என்பதற்கு அதைத் தவிர வேறு பொருள் இல்லை என்றார். சாதியும் சொத்தும் தனித்தனி அடுப்பு மூட்டிய ஊர்களில் இது பாட்டாக வந்ததால் படிக்காத தாய்மாருக்கும் போய்ச் சேர்ந்தது. 2005இல் அவர் மறைந்தார். அவர் பாட்டுகளை இன்று விழா மேடைகளில் பாடுகிறார்கள். உலை பொதுவானதா என்றால், இல்லை.

தமிழகக் கத்தோலிக்கரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தலித்துகள். பலிபீடத்தில் நிற்பவர்கள், பள்ளிகளுக்குத் தாளாளர்களாக இருப்பவர்கள், நிலத்தையும் வேலைவாய்ப்பையும் கையாள்பவர்கள் என்று மேலே போகப் போக அந்த விகிதம் கரைகிறது. 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானார். மறுபக்கம், திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள், ஆலயத்திலும் கல்லறையிலும் திருவிழாவிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். சீர்திருத்தச் சபைப் பக்கம் திருமண்டலத் தேர்தல்களும் சொத்து வழக்குகளும் நீதிமன்றப் படியேறுவது வழக்கமாகிவிட்டது. ராக்லாந்து கூடாரத்தில் இருந்தார். அவர் வழிவந்த சபைகளின் மிகப் பெரிய வழக்குகள் கட்டடங்களைப் பற்றியவை.

அரசின் பங்கும் இதில் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மத வேறுபாட்டை நீக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் படித்து முடித்து, வேலைக்காக இந்துவாக மாற வேண்டிவந்த நிலை கதைக்காகப் புனைந்ததன்று. பல வீடுகள் இரண்டு பெயர்களோடு வாழ்கின்றன. வயலில் ஒரே கூலி வாங்கியவர்களின் பிள்ளைகள், ஞானஸ்நானத்தின் பேரில் இரண்டு வரிசைகளில் நிற்கிறார்கள்.

கூட்டிக் கழித்தால் கிடைத்தது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. எழுத்து கிடைத்தது, பணக் கூலி கிடைத்தது, பிள்ளைகள் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மாறினார்கள். தொலைந்தவற்றில் முக்கியமானது அருகாமை. கூடாரத்தில் இருந்தவருக்கும் நடந்துவந்த உபதேசியாருக்கும் ஊரின் பசி தெரியும். அந்த ஊரில்தானே அவர்களும் சாப்பிட்டார்கள். நகரத்தில் பங்களாவும் கிராமத்தில் ஆராதனையுமாக வாழ்பவருக்கு அது அறிக்கையாகத்தான் தெரியும். மாறாமல் இருப்பது நிலம். லேவியராகமம் ஐம்பதாம் ஆண்டை யூபிலியாக வைத்து, கைமாறிய காணி உரியவரிடமே திரும்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறது. 2025ஐக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. யாத்திரைகள் நடந்தன, கதவுகள் திறந்தன. அந்த ஆண்டு மே மாதம் பொறுப்பேற்ற புதிய திருத்தந்தை, ‘ரேரும் நோவாரும்’ எழுதியவரின் பெயரையே தேர்ந்து பதினான்காம் லியோ ஆனார். ஏழைகள்மீதான அன்பைப் பற்றியே தம் முதல் பெரிய மடலை அக்டோபரில் வெளியிட்டார். காணி பற்றிய பேச்சு நம் மறைமாவட்டங்களில் எழவில்லை.

நிலத்தைப் பற்றிப் பேச நம் ஆலயக் குழுக்களுக்கு இன்னும் காலம் பிடிக்கலாம். கூலியைப் பற்றிப் பேசக் காலம் தேவையில்லை. அறுவடை செய்தவனின் பிடித்துவைத்த கூலி கடவுளின் செவியை எட்டுகிறது என்று யாக்கோபின் நிருபம் எழுதிவைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் சபையார் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இதுதான். உங்கள் ஆலயத்தைப் பெருக்கி மணியடிப்பவர், உங்கள் பள்ளியின் ஆயா, உங்கள் விடுதியில் சமைக்கும் அம்மா, உங்கள் சுயநிதி வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியை ஆகியோர் வாங்கும் சம்பளம் அரசு விதித்த குறைந்தபட்சத்தை எட்டுகிறதா, வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா என்பதை அடுத்த குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வையுங்கள். எட்டவில்லை என்றால் கோபுர வேலையை நிறுத்திவைத்து அதைக் கொடுத்துவிடுங்கள்.